சம்பளத் தேதிக்கும் வாடகைத் தேதிக்கும் நடுவே: சிங்கப்பூரில் தனியாக வாழ்வோரின் பணக் கணக்கு

தனியாக வாழத் தொடங்கும் இளையரைக் கவிழ்ப்பவை மாதாமாதம் வராத செலவுகள்தான். அறைக்கு முன்பணம், வருமான வரி, திடீர்ப் பல்வலி, தீபாவளி, ஊருக்கு டிக்கெட். ஆண்டு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் சம்பளத்துக்குள் எல்லாம் அடங்கும். ஆனால் கேட்கிற தேதியில் கையில் காசு இருக்காது. கடன்பற்று அட்டை அந்த இடைவெளியில்தான் உள்ளே நுழைகிறது. அந்த இடைவெளியை அடைப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

சம்பளச் சீட்டில் எந்த எண் உங்களுடையது

மாதம் 3,500 வெள்ளி சம்பளம் வாங்கும் 26 வயதுச் சிங்கப்பூரரை எடுத்துக்கொள்வோம். மத்திய சேம நிதிக்கு (மசேநிதி) அவர் பங்கு 20 விழுக்காடு, 700 வெள்ளி. இந்தியச் சமூகத்தின் உதவி அமைப்பான சிண்டாவுக்கு 7 வெள்ளி. 2,500க்கு மேல் 4,500 வரை சம்பளம் வாங்குபவருக்கு அதுதான் தொகை. கைக்கு வருவது 2,793. வாடகை பேசும்போதும் கைப்பேசித் திட்டம் எடுக்கும்போதும் மனத்தில் இருக்க வேண்டியது இந்த 2,793தான். 3,500ஐ நினைத்துக்கொண்டு வீடு தேடுபவர் முதல் மாதமே 700 வெள்ளியைத் தேடிக்கொண்டிருப்பார்.

முதலாளி தன் பங்காக 17 விழுக்காடு, 595 வெள்ளி போடுகிறார். இரண்டும் சேர்ந்த 1,295 வெள்ளியில் சாதாரணக் கணக்குக்கு 805, சிறப்புக் கணக்குக்கு 210, மருத்துவச் செலவுக்கான மெடிசேவுக்கு 280 போகும் (35 வயது வரை இந்தப் பங்கீடு). சாதாரணக் கணக்கில் உள்ளதை வீடு வாங்கப் பயன்படுத்தலாம். அறை வாடகைக்கு ஒரு காசுகூட எடுக்க முடியாது.

நிரந்தரவாசம் புதிதாகக் கிடைத்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. வழக்கமான விகிதப்படி, நிரந்தரவாசியான முதலாம் ஆண்டில் ஊழியர் பங்கு 5 விழுக்காடு, இரண்டாம் ஆண்டில் 15, மூன்றாம் ஆண்டில் 20. அதே 3,500 சம்பளம் என்றால், சிண்டா போவதற்கு முன் கைக்கு வருவது முதலில் 3,325, பிறகு 2,975, பிறகு 2,800. சம்பளம் குறையவில்லை, ஆனால் கைக்கு வருவது 525 வெள்ளி குறைந்துவிட்டது. முதல் ஆண்டுக் கணக்கை நம்பி இரண்டு ஆண்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் இரண்டாம் ஆண்டில் மூச்சு முட்டும்.

எஸ் பாஸ், எம்ப்ளாய்மெண்ட் பாஸ் என்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு மசேநிதி கிடையாது. பிடித்தம் இல்லாததால் சம்பளம் தாராளமாகத் தெரியும். உங்கள் பெயரில் வேறு யாரும் எதையும் சேமிக்கவில்லை என்பதுதான் அதன் மறுபக்கம். சிங்கப்பூரருக்குப் பிடிக்கப்படும் அந்த 700ஐ நீங்களே உங்களிடமிருந்து பிடித்துக்கொள்ளுங்கள்.

விவரம் பிரித்த சம்பளச் சீட்டைத் தர வேண்டியது முதலாளியின் கடமை. சம்பள காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் வர வேண்டும். மசேநிதிப் பங்கு அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குள் கணக்கில் ஏற வேண்டும். புது வேலையில் முதல் மூன்று மாதமாவது 15ஆம் தேதி சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளம்) வழியாக மசேநிதிக் கணக்குக்குள் போய்ப் பாருங்கள். சீட்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டுக் கட்டாமல் விடும் சிறு நிறுவனங்களும் உண்டு. ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பதைவிட ஆறு வாரத்தில் கண்டுபிடிப்பது நல்லது.

மாதாமாதம் வராதவற்றை மாதமாக்குவது

ஒரு தாளில் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வரும் செலவுகளை எழுதுங்கள். மேலே சொன்ன 26 வயதுக்காரருக்கு அது ஏறக்குறைய இப்படி வரும்: வருமான வரி 291, ஆயுள் காப்புறுதி 360, தீபாவளித் துணிமணி, பலகாரம், அங்பாவ் 600, பயணம் 800, பல் மருத்துவர் 200, கைப்பேசி 400 (800 வெள்ளிக் கைப்பேசி இரண்டு ஆண்டு உழைக்கும் என்ற கணக்கு), கல்யாண மொய் 300. கூட்டினால் 2,951. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 246 வெள்ளி. இந்த 246 செலவாகிவிட்ட பணம். கணக்கில் தெரிந்தாலும் அது உங்களுடையது இல்லை.

வரிக் கணக்கு வந்த விதம்: ஆண்டு வருமானம் 42,000. உழைப்பு வருமானக் கழிவு 1,000, மசேநிதிக் கழிவு 8,400 போக மிச்சம் 32,600. முதல் 20,000க்கு வரி இல்லை. அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு, 200 வெள்ளி. மீதி 2,600க்கு 3.5 விழுக்காடு, 91 வெள்ளி. தேசிய சேவையாளருக்கு உள்ள கழிவைச் சேர்த்தால் இன்னும் குறையும். அதே சம்பளம் வாங்கும் எஸ் பாஸ் ஊழியர் வரிக் கணக்கில் குடியிருப்பாளராக இருந்தால், மசேநிதிக் கழிவு இல்லாததால் வரி 620 வெள்ளி ஆகும்.

வரிப் படிவம் மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரை. இந்த ஆண்டு கட்டுவது போன ஆண்டுச் சம்பளத்துக்கு. வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் வரியே வரவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள் அடுத்த ஆண்டு விழிப்பது அதனால்தான். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஜைரோ வைத்தால் 12 தவணையாக, வட்டியில்லாமல் கட்டலாம். ஜைரோவும் வைக்காமல் தேதியையும் தவறவிட்டால் 5 விழுக்காடு அபராதம் ஏறும்.

சம்பளம் வந்த அன்றே பிரிப்பது

மூன்று கணக்கு போதும். முதல் கணக்கில் சம்பளம் விழும். வாடகை, பில், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அங்கிருந்தே போகும். இரண்டாவது, தொடக்கூடாத கணக்கு. மாதாமாதம் வராத செலவுக்கான 246ம் அவசர நிதியும் இங்கே. இதற்கு அட்டை வாங்காதீர்கள். மூன்றாவதுதான் பேநவ் (கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் வசதி), பற்று அட்டை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாவற்றுக்குமான கைச்செலவுக் கணக்கு.

2,793 இப்படிப் பிரியலாம்: வாடகை 900, தண்ணீர் மின்சாரப் பங்கு 60, சாப்பாடு 480, பேருந்து ரயில் 100, கைப்பேசி 20, பெற்றோருக்கு 250, மாதாமாதம் வராதவைக்கு 246, சேமிப்பு 400. மிச்சம் 337. இதை மாதக் கணக்காக வைத்துக்கொண்டால் 18ஆம் தேதி தீர்ந்துவிடும். வாரத்துக்கு 75 வெள்ளி என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் மூன்றாவது கணக்குக்கு மாற்றுங்கள். வாரம் தப்பினால் நாலு நாள்தான் திண்டாட்டம். மாதம் தப்பினால் பன்னிரண்டு நாள்.

தானாக மாற்றும் ஸ்டாண்டிங் ஆர்டரைச் சம்பளத் தேதிக்கு மறுநாள் வையுங்கள். அதே நாளில் வைத்தால், சம்பளம் மாலையில் வந்து ஆர்டர் காலையிலேயே தோற்றுப்போன கதையாகிவிடும். சம்பளத் தேதி சனி, ஞாயிறில் விழும் மாதத்தை ஒருமுறை கவனித்துவிட்டு இரண்டு நாள் தள்ளி வைத்தாலும் தப்பில்லை.

சில சேமிப்புக் கணக்குகளில் இருப்பு குறிப்பிட்ட தொகைக்குக் கீழே போனால் மாதம் 2 முதல் 5 வெள்ளி பிடிப்பார்கள். மூன்றாவது கணக்குக்கு அப்படிக் கட்டணம் இல்லாத ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லும் கணக்குகள் பெரும்பாலும் சம்பளம் வரவு வைப்பதையும் அட்டையில் ஒரு குறைந்தபட்சச் செலவையும் கேட்கும். நிறுவனம் சம்பளத்தைச் சாதாரணப் பணமாற்றமாக அனுப்பினால் வங்கி அதைச் சம்பளம் என்று கணக்கில் எடுக்காமல் போகலாம். வங்கி அறிக்கையில் அந்த வரவுக்குப் பக்கத்தில் சம்பளக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். வட்டிக்காகத் தேவையில்லாத பொருளை அட்டையில் வாங்குவது, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

அறை எடுப்பது: பெரிய பணம் இங்கேதான் போகிறது

கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகை போகக்கூடாது என்பது எங்கள் கருத்து. அதற்கு மேல் போனால் வேறு எதைச் சுருக்கினாலும் ஈடாகாது.

900 வெள்ளி அறைக்கு நுழையும் நாளில் தேவைப்படுவது: முதல் மாத வாடகை 900, டெபாசிட் 900 (ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதம், ஈராண்டுக்கு இரண்டு மாதம் என்பது வழக்கம்), முத்திரை வரி 43. முகவர் கட்டணம் இருந்தால் தனி. மெத்தை விரிப்பு, வாளி, மின்விசிறி, பாத்திரம் என்று ஒரு 300. ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும் முன் மூன்று மாத வாடகை அளவுக்குக் கையில் ரொக்கம் வேண்டும்.

முத்திரை வரி நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு: 900ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 10,800, அதில் 43.20, காசு கழித்து 43 வெள்ளி. வாடகைக்கு இருப்பவர்தான் கட்ட வேண்டும். ஒப்பந்தம் இங்கே கையெழுத்தானால் 14 நாளுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் இணையத்தளத்திலேயே கட்டிவிடலாம். 43 வெள்ளிக்குப் பார்த்து இதை விட்டுவிடுகிறார்கள். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. 900 வெள்ளி டெபாசிட்டைக் கேட்டு நிற்கும் நாளில்தான் அது உறைக்கும்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் அறையோ வீடோ ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. தனியார் அடுக்குமாடியில் குறைந்தது மூன்று மாதம். அறையை மட்டும் வாடகைக்கு விடும் வீவக உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஓர் அறையைப் பூட்டிவைத்துவிட்டு வேறெங்கோ வசிப்பது விதிமீறல். வீவக அனுமதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அனுமதியில்லாத இடத்தில் பிடிபட்டால் மூட்டை கட்டுவது நீங்கள்தான்.

முகவரின் பதிவு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். இரண்டும் பொருந்த வேண்டும். வீவக வாடகைப் பணத்தை முகவர் தன் கையில் வாங்கக் கூடாது, நேரே உரிமையாளருக்குத்தான் போக வேண்டும். அறையைப் பார்க்கும் முன்பே "நிறைய பேர் கேக்கிறாங்க, 200 வெள்ளி பேநவ் பண்ணிட்டா உங்களுக்கே வெச்சிருக்கேன்" என்று செய்தி வந்தால் பதில் போடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் 1799க்கு அழைத்துக் கேட்கலாம். மோசடித் தடுப்பு உதவி எண் அது.

ஒப்பந்தத்தில் நிறுத்தி வாசிக்க வேண்டிய வரிகள் நான்கைந்துதான். பியூபி (தண்ணீர், மின்சார) பில் வாடகையில் அடக்கமா, அடக்கம் என்றால் வரம்பு எவ்வளவு? ஏர்கான் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? ஏர்கான் சர்வீஸ் யார் செலவு? பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று வாடகைக்காரர் தலையில் எழுதியிருக்கும். ரசீது இல்லாவிட்டால் டெபாசிட்டில் கழிப்பார்கள். சிறு பழுதுகளில் முதல் 150 அல்லது 200 வெள்ளி யார் கொடுப்பது? குடிவந்த முதல் 30 நாளில் தெரியவரும் பழுதுகள் உரிமையாளர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வேலை அனுமதியில் இருப்பவர்கள், வேலை போனால் முன்கூட்டியே வெளியேற இடமளிக்கும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஓராண்டு முடிந்த பிறகு இரண்டு மாத முன்னறிவிப்பு என்றுதான் அது வழக்கமாக இருக்கும். ஓராண்டு ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் அது இருந்தும் பயனில்லை.

சாவி வாங்கிய அன்று, பெட்டியைத் திறப்பதற்கு முன், கைப்பேசியில் ஒரே ஓட்டமாக வீடியோ எடுங்கள். மெத்தையின் இரண்டு பக்கமும். ஏர்கானுக்குக் கீழே சுவரில் தண்ணீர் ஒழுகிய மஞ்சள் கோடு இருக்கிறதா. அலமாரிக் கதவின் கீல். சன்னல் கைப்பிடி. ஹீட்டரைப் போட்டு வெந்நீர் வரும்வரை. சுவரில் பழைய ஆணித் துளைகள். அதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் உரிமையாளருக்கு அனுப்பி, "இன்று சாவி வாங்கும்போது இருந்த நிலை" என்று ஒரு வரி எழுதுங்கள். அவர் பதில் போடாவிட்டாலும் தேதி பதிவாகிவிடும்.

'லைட் குக்கிங்' என்ற இரண்டு சொல்

நம்மவர்கள் ஏமாறுவது இதில்தான். விளம்பரத்தில் 'லைட் குக்கிங்' என்றிருந்தால் முட்டை அவிக்கலாம், மீ போடலாம். கடுகு தாளிக்க முடியாது, மீன் பொரிக்க முடியாது. 100 வெள்ளி குறைவாகக் கிடைத்த அறையில் சமைக்க முடியாவிட்டால் மூன்று வேளையும் கடையில்தான். காலையில் 3, மதியம் 6, இரவு 6 என்று வைத்தாலும் நாளுக்கு 15, மாதம் 450. இடையில் கோப்பி, பழம், வார இறுதியில் ஒரு பிரியாணி சேர்ந்தால் 550ஐத் தொடும். இரவுச் சாப்பாட்டை வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் சமைத்தால் வேளைக்கு 3 வெள்ளிக்குள் முடியும்; மாதம் 65 வெள்ளி அளவுக்கு மிஞ்சும். மதியத்துக்கும் டப்பா கட்டினால் இன்னும் அதே அளவு. ஆகவே இரண்டு அறைகளை ஒப்பிடும்போது வாடகையையும் சாப்பாட்டையும் கூட்டியே ஒப்பிடுங்கள்.

தனி ஆளாக 10 கிலோ அரிசி வாங்காதீர்கள். இந்தப் புழுக்கத்தில் வண்டு வரும். காய்கறிக்குத் தேக்காச் சந்தை மலிவுதான். ஆனால் ஈசூனில் இருந்துகொண்டு கீரைக்காகத் தேக்கா போவது போக்குவரத்துச் செலவுக்கே சரியாகிவிடும். வார நாளில் காலை 7.45 மணிக்கு முன் ரயிலில் ஏறினால் கட்டணத்தில் 50 காசு வரை குறையும். சீக்கிரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தானாகவே கிடைக்கும்.

ஏர்கானைப் பற்றி ஒரு கணக்கு: 0.7 கிலோவாட் இழுக்கும் ஏர்கான் இரவு 8 மணி நேரம் ஓடினால் மாதம் 168 யூனிட். யூனிட் 30 காசு அளவில் என்றால் 50 வெள்ளி. முதல் இரண்டு மணி நேரம் ஏர்கான், பிறகு மின்விசிறி என்று டைமர் வைத்தால் அதில் பெரும்பகுதி மிஞ்சும்.

கடன்: எங்கே வழுக்குகிறது

சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்குக் கடன்பற்று அட்டை வாங்க ஆண்டு வருமானம் குறைந்தது 30,000 வெள்ளி இருக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு வங்கிகள் இன்னும் கூடுதலாகக் கேட்கும். அட்டை கிடைப்பது சாதனை ஒன்றும் இல்லை. முழுத் தொகையையும் ஜைரோவில் கட்ட ஏற்பாடு செய்துவிட்டுத்தான் அட்டையை உறையிலிருந்து எடுக்க வேண்டும்.

அட்டை அறிக்கையில் இரண்டு எண் இருக்கும்: மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை. 1,800 வெள்ளி பில்லில் குறைந்தபட்சம் 54 வெள்ளிதான் (3 விழுக்காடு; அது 50ஐவிடக் குறைந்தால் 50). 54ஐக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, வங்கியிலிருந்து போன் வராது, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். மிச்சம் 1,746. ஆண்டு வட்டி 27 விழுக்காடு என்று வைத்தால் ஒரு மாதத்துக்கு வட்டி மட்டும் 39 வெள்ளி. அடுத்த மாதமும் 54ஐக் கட்டினால் அசலில் குறைவது 15 வெள்ளி. அதோடு, பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது. 5 வெள்ளிச் சோற்றுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடும். தேதி தவறினால் தாமதக் கட்டணம் 100 வெள்ளி அளவில் வரும்.

அப்படிச் சிக்கியிருந்தால்: அட்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, செலவைப் பற்று அட்டைக்கு மாற்றுங்கள். பாக்கியை வங்கியின் குறைந்த வட்டித் தவணைக் கடனுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அவசர நிதியில் 1,000 வெள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இதில் கொட்டுங்கள். சேமிப்புக்கு 2 விழுக்காடு வட்டி வாங்கிக்கொண்டே கடனுக்கு 27 விழுக்காடு கட்டுவதில் அர்த்தமில்லை. பல வங்கிகளில் பாக்கி என்றால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் வங்கிகளிடம் பேசித் தவணைத் திட்டம் போட உதவும்.

'இப்போது வாங்கு, பிறகு கட்டு' செயலிகளில் வட்டி இல்லை என்பது உண்மை. மூன்று செயலியில் நான்கு பொருள் ஓடும்போது எந்தத் தவணை எந்தத் தேதி என்று யாருக்கும் நினைவிருக்காது என்பதும் உண்மை. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

உரிமம் பெற்ற கடன் கொடுப்போர் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம். ஆண்டுக்கு இல்லை, மாதத்துக்கு. கடன் தரும்போதே அசலில் 10 விழுக்காடு வரை கட்டணம் பிடிக்கலாம். 2,000 கேட்டால் கைக்கு 1,800 வரும், வட்டியோ 2,000க்கு. தாமதமானால் மாதம் 60 வெள்ளி வரை கட்டணம். வட்டியும் கட்டணங்களும் எல்லாம் சேர்ந்து அசலைத் தாண்டக் கூடாது என்பது ஒன்றுதான் பாதுகாப்பு. உரிமம் பெற்றவர்கள் குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ போனிலோ விளம்பரம் செய்ய அனுமதி இல்லை. ஆகவே 'சட்டபூர்வக் கடன், உடனே பணம்' என்று கைப்பேசிக்கு வரும் எந்தச் செய்தியும் கடன்முதலையிடமிருந்தோ மோசடிக்காரரிடமிருந்தோ வருவதுதான். சிங்பாஸ் கடவுச்சொல்லையும் ஏடிஎம் அட்டையையும் யார் கேட்டாலும் தராதீர்கள். 'கணக்கை ஒரு வாரம் இரவல் கொடு, 300 வெள்ளி தருகிறேன்' என்பவரிடம் கொடுத்தால் சிறைக்குப் போவது கணக்குக்காரர்.

சீட்டுப் பிடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். உடன் வேலை செய்யும் பத்துப் பேர், தெரிந்த அக்கா ஒருவர் நடத்துகிறார், மாதம் 500 என்று தொடங்கும். உரிமம் இல்லாமல் சீட்டு நடத்துவது இங்கே சட்டப்படி குற்றம். சீட்டு எடுத்தவர் பாஸ் ரத்தாகி ஊருக்குப் போய்விட்டால் முறையிட இடமில்லை. கட்டாயச் சேமிப்பு வேண்டும் என்றால் ஸ்டாண்டிங் ஆர்டர் அதே வேலையைச் செய்யும்.

காப்புறுதி, சுருக்கமாக

சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளுக்கு மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படை மருத்துவக் காப்புறுதி தானாகவே இருக்கிறது. மசேநிதி உறுப்பினர்களைச் சேர்த்துக்கொள்ளும் சார்ந்திருப்போர் பாதுகாப்புத் திட்டம் 34 வயது வரை ஆண்டுக்கு 18 வெள்ளி சந்தாவுக்கு 70,000 வெள்ளிக் காப்பு தருகிறது. அதை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதீர்கள். எஸ் பாஸ், ஒர்க் பெர்மிட் ஊழியர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி மருத்துவக் காப்புறுதி முதலாளி எடுக்க வேண்டும். எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வேலைக்குச் சேரும் முன் கேளுங்கள்.

ரயில் நிலைய வாசலில் மேசை போட்டு, சேமிப்பும் முதலீடும் காப்பும் ஒன்றாகக் கிடைக்கும் என்று விற்கும் திட்டத்தில் மாதம் 300 வெள்ளிக்குக் கையெழுத்துப் போடுவதற்கு முன், அதே காப்பு வெறும் காலவரைக் காப்புறுதியாக எவ்வளவு என்று கேளுங்கள். உறவுக்காரர் முகவராக இருந்தாலும் கேளுங்கள். அரசாங்க நிதி வழிகாட்டியில் உள்ள அளவு: இறப்புக்கும் நிரந்தர உடற்குறைக்கும் ஆண்டு வருமானத்தைப்போல் 9 மடங்கு, கடும் நோய்க்கு 4 மடங்கு, எல்லாச் சந்தாவும் சேர்ந்து வருமானத்தில் 15 விழுக்காட்டுக்குள். உங்களை நம்பி யாரும் இல்லை என்றால் 9 மடங்குக்கு அவசரமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வருந்தினால், ஆயுள் காப்புறுதிப் பத்திரம் கைக்கு வந்து 14 நாளுக்குள் திருப்பித் தரலாம்.

அவசர நிதியை எங்கே வைப்பது

முன்சொன்ன கணக்கில் தவிர்க்க முடியாத செலவு (வாடகை, பில், சாப்பாடு, போக்குவரத்து, கைப்பேசி, பெற்றோர்) மாதம் 1,810. மூன்று மாதத்துக்கு 5,430. மாதம் 400 சேர்த்தால் 14 மாதத்தில் வந்துவிடும். அதுவரை பங்கு, கிரிப்டோ எதற்கும் போக வேண்டாம்.

முதல் 2,000 வெள்ளி எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். வங்கி மூழ்கினாலும் ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி வரை வைப்புக் காப்புறுதி உண்டு. அதற்கு மேல் சேர்வதைச் சிங்கப்பூர்ச் சேமிப்புப் பத்திரத்தில் போடலாம்: குறைந்தது 500 வெள்ளி, 500இன் மடங்காக, உச்சவரம்பு 200,000. பத்தாண்டுப் பத்திரம்தான், ஆனால் எந்த மாதமும் அபராதமில்லாமல் திரும்பப் பெறலாம். முதலில் மத்திய வைப்பகத்தில் தனிக் கணக்கு திறந்து வங்கிக் கணக்கோடு இணைக்க வேண்டும். அது முடிய நாளாகும், ஆகவே பணம் சேரும் முன்பே திறந்துவைத்துவிடுங்கள். வாங்க 2 வெள்ளி, திரும்பப் பெற 2 வெள்ளி கட்டணம். 500 வெள்ளிக்கு அது உறுத்தும். நான்கு மாதம் சேர்த்து 1,500ஆக வாங்கினால் தெரியாது. இந்த மாதம் கேட்டால் பணம் அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் வரும். அந்த முதல் 2,000ஐ வெளியே வைக்கச் சொன்னது அதற்காகத்தான்.

வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு மூன்று மாதக் கணக்கோடு விமான டிக்கெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை போய்ப் பாஸ் ரத்தானால் பொதுவாக 30 நாள்தான் இங்கே இருக்க முடியும்.

ஊருக்கு அனுப்புவது

'கட்டணம் இல்லை' என்ற பலகையைப் பார்க்காதீர்கள். 1,000 வெள்ளி கொடுத்தால் அந்தப் பக்கம் எத்தனை ரூபாய் விழும் என்று மட்டும் கேளுங்கள். வெள்ளிக்கு 50 பைசா வித்தியாசம் என்றால் 1,000க்கு 500 ரூபாய் போயிற்று. 2023 பிப்ரவரியிலிருந்து பேநவ் வழியாக இந்தியாவின் யுபிஐ கணக்குகளுக்கும், அதே ஆண்டு நவம்பரிலிருந்து மலேசியாவின் டூயிட்நவ் கணக்குகளுக்கும் நேரே அனுப்ப முடிகிறது. சிறு தொகைக்கு வசதி. உரிமமில்லாத உண்டியல் ஆளிடம் கொடுத்து அனுப்பினால் நாலு காசு கூடக் கிடைக்கலாம். பணம் போய்ச் சேராவிட்டால் ரசீதும் இருக்காது, புகாரும் கொடுக்க முடியாது.

வீட்டுக்கு அனுப்பும் தொகையை ஒருமுறை பேசி நிர்ணயித்துவிடுங்கள். மாதம் 250 என்று தெரிந்தால் அம்மாவும் அதற்கேற்பத் திட்டமிடுவார். ஒரு மாதம் 600, மறுமாதம் ஒன்றுமில்லை என்பது இரு பக்கமும் தொல்லை.

காலி செய்யும் மாதம்

கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்கள் அதை அனுமதிப்பதில்லை. கடைசி ஏர்கான் சர்வீஸ் ரசீது, திரை சலவை ரசீது, நுழைந்த நாள் வீடியோ மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சாவியைக் கொடுங்கள். டெபாசிட் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். வராவிட்டால், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 20,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமல்.

வெளிநாட்டு ஊழியருக்கு அதே மாதத்தில் இன்னொரு முடிச்சும் விழும். வேலையை விடுகிறார் என்று தெரிந்ததும் முதலாளி வருவாய் ஆணையத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தெரிவித்து, வரிக் கணக்கு முடியும்வரை கொடுக்க வேண்டிய பணம் முழுவதையும் நிறுத்திவைக்க வேண்டும். சம்பளமும் நிற்கும், டெபாசிட்டும் வந்திருக்காது, டிக்கெட்டும் எடுக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் கொடுக்கும் அன்று ஒன்றரை மாதச் செலவாவது சேமிப்புக் கணக்கில், பத்திரத்தில் இல்லாமல், ரொக்கமாக இருக்கட்டும்.